‘ஓம்’ என்று சொன்னதற்குச் சாட்சி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் ஓக்லாந்தில் ஓர் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தேன். பக்கத்து மேசை ஒரு யூதப் பெண்ணுடையது. தென்னாபிரிக்காவிலிருந்து வந்தவள், என் வயதுக்காரி, மதத்தில் மிகவும் கண்டிப்பு. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் ஒரு மின்விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடமாட்டாள். கத்தோலிக்கக்காரி எனக்கோ ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறக்கூடாது. ஆகவே அவளுடைய சனிக்கிழமைகளை நான் செய்தேன், என்னுடைய ஞாயிறுகளை அவள் செய்தாள். மேலாளர் நோகாமல் வேலைநேர ரோஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

நாங்கள் நன்றாகச் சண்டை பிடிப்போம். மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அதற்குத்தான். கதைத்தது ஆங்கிலத்தில், ஆனால் நினைவில் இருப்பதெல்லாம் தமிழில். அவள் என்ன சொன்னாள் என்று யாராவது சத்தியம் பண்ணிச் சொல்லக் கேட்டால் இன்றைக்கு நான் கொஞ்சம் யோசிப்பேன். அந்த யோசனை எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிகிற நேரம் பொலிஸிலிருந்து தொலைபேசி வந்தது. தமிழ் ஆள் ஒருவரை விசாரிக்க வேண்டும், மொழிபெயர்க்க வரமுடியுமா என்று கேட்டார்கள். பூசைக்கு வரும் தாதி ஒருத்தி என்னைக் கைகாட்டிவிட்டிருக்கிறாள். அந்தக் காலத்தில் இரண்டு மொழியும் தெரிந்தால் போதும், மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடலாம். நான் யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். இதென்ன பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

விஷயம் இதுதான். ஓக்லாந்தின் ஒடாஹுஹுப் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து இருந்தார்கள். ஒருவருக்கு ஊர் கரவெட்டி, மற்றவருக்கு மன்னார். கரவெட்டிக்காரரின் மனைவியும் நாலு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். இவருடைய அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. அவர்களை எடுப்பிக்கும் கடதாசிகள் போய்க்கொண்டிருந்தன. மனைவி ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, லொட்ஜ் மாறிவிட்டோம், இது புது நம்பர் என்று மன்னார்க்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் ஏதோ பீட்ஸா விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதி வைத்தார். தாள் குப்பையோடு போய்விட்டது. சொல்லவும் மறந்துவிட்டார். பத்து நாள் கரவெட்டிக்காரர் பழைய நம்பரையே சுழற்றிக்கொண்டிருந்தார். அப்போது கொழும்பில் லொட்ஜ்களில் இருந்த தமிழரை இரவோடிரவாக அள்ளிக்கொண்டு போகும் காலம். அந்த மனிதர் என்னவெல்லாம் நினைத்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பதினோராம் நாள் விஷயம் தெரியவந்தபோது, பின்வாசல் படியில் நின்று இருவரும் கத்தினார்கள். மன்னார்க்காரர் படியால் விழுந்து வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. வேலிக்கு அப்பால் இருந்த அயலவர் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தபோது ஆள் நிலத்தில் கிடந்தார். அவர்தான் பொலிஸைக் கூப்பிட்டார்.

விசாரிக்கப்பட்டவர் கரவெட்டிக்காரர்; அவருக்குக் குற்றத்தீர்ப்பு வந்தால் மனைவியும் மகளும் வருவது கேள்விக்குறி. அது எல்லோருக்கும் தெரியும். அந்த அறையில் அவருக்கு அது தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

பொலிஸ்காரர் நல்ல மரியாதையான பையன். தேத்தண்ணி தந்தார். ஒன்றும் சொல்லத் தேவையில்லை, சட்டத்தரணியோடு கதைக்கலாம் என்பதையெல்லாம் ஒழுங்காக வாசித்தார். நான் சொல்லச் சொல்ல, கரவெட்டிக்காரர் “ஓம்… ஓம்…” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கேள்வி வந்தது: கோபம் வந்து, தள்ளி, அவர் படியால் விழுந்தாரா? நீளமான கேள்வி. நான் டீச்சர் அல்லவா, துண்டு துண்டாக உடைத்துச் சொன்னேன்.

“உங்களுக்குக் கோவம் வந்து…”

“ஓம்.”

“நீங்கள் அவரைத் தள்ளி…”

“ஓம்.”

“அவர் படியால விழுந்தவரோ?”

“ஓம்.” தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மூன்று ஓமுக்கும் நான் ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘ஆம்’ சொன்னேன். பொலிஸ்காரர் எழுதினார். கரவெட்டிக்காரர் கையெழுத்துப் போட்டார். இனி மன்னார்க்காரரோடு எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது, அந்த வீட்டுப் பக்கம் போகவே கூடாது என்ற நிபந்தனையில் பிணை கிடைத்தது. மாசி என்ற புறநகரில் இருந்த ஒரு சிநேகிதர் வீட்டில் போய்த் தங்கினார். அங்கிருந்து வேலைக்கு இரண்டு பஸ்.

எனக்கு அன்றைக்கு ஒரு திருப்தி. மறைக்க மாட்டேன். தலை குனிந்து அந்த ஆள் ஒப்புக்கொண்டதைப் பார்த்தபோது, குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ளிருந்து ஒருவர் எழுந்து வருவதைப் பார்த்ததுபோல இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்து ஊட்டப்பட்டது அதுதான்: சொல்லிவிட்டால் பாரம் இறங்கும். கரவெட்டிக்காரர் சைவர், எங்கள் தொட்டிக்குப் பக்கத்தால்கூடப் போகாதவர். அது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம், ஆள் அடையாளம் சொல்லாமல், யூதக்காரியிடம் பெருமை அடித்தேன். அவள் சான்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

“ஆள் தன் வாயால் சொன்னதை வைத்தா தண்டிக்கப் போகிறார்கள்?”

“பிறகு? அதைவிட நல்ல சாட்சி வேறென்ன?”

“எங்கள் சட்டத்தில் அது சாட்சியே இல்லை. ஒருத்தன் தன்னைத்தானே கெட்டவன் ஆக்க முடியாது. இரண்டு பேர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பாரிய குற்றமென்றால், செய்யாதே, செய்தால் இன்ன தண்டனை என்று முன்கூட்டி எச்சரித்திருக்க வேண்டும். தெரிந்தேதான் செய்கிறேன் என்று அவன் பதில் சொல்லியிருக்கவும் வேண்டும்.”

“அப்ப உலகத்தில ஒரு கள்ளனும் பிடிபட மாட்டானே!”

“கஷ்டம்தான்,” என்றாள், கூசாமல். “பழைய காலத்தில் அதற்கு அரசன் இருந்தான், அவன் பார்த்துக்கொள்வான். இப்போது நாட்டுச் சட்டம் இருக்கிறது, அது எங்களுக்கும் சட்டம்தான். ஆனால் இன்னொன்று கேள். மரணதண்டனை வழக்கில் இருபத்துமூன்று நீதிபதிகளும் ஒரே குரலில் குற்றவாளி என்றால், ஆளை விட்டுவிட வேண்டும். அவனுக்காக ஒருத்தன்கூட யோசிக்கவில்லை என்று அர்த்தம்.”

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒருமனதாக ஒரு முடிவு வந்தால் நானும் சந்தேகப்படுவேன் என்றேன். சிரித்தாள். பிறகு, சிரிப்பு முடியாமலே, என்னைச் சுட்ட அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“அதோடு, எங்கள் பழைய நீதிமன்றம் மொழிபெயர்ப்பவர் வாயிலிருந்து சாட்சியம் கேட்காது. நீதிபதிக்குத்தான் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து வருடம் படிப்பித்தவளைப் பார்த்து இவள் என்ன சொல்கிறாள்? என்னைக் கள்ளி என்கிறாளா? நியூசிலாந்து நீதிபதி தமிழ் படித்துவிட்டு வரும்வரைக்கும் எல்லோரும் மணிக்கட்டை உடைத்துக்கொண்டு இருப்பதா? இப்படியெல்லாம் பொரிந்து தள்ளிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போனேன். மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளே வந்து, “நாளைக்கு என் சனிக்கிழமையைச் செய்வாய்தானே?” என்று கேட்டாள். செய்தேன். வேறென்ன செய்வது?

அந்த வார இறுதியில்தான் குட்டு உடைந்தது. எப்சமில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கணவர் தொலைபேசியில் இருந்தார். மறுமுனையில் அவருடைய தமையன், கனடாவிலிருந்து. “ஓம்… ஓம்… ஓம் அண்ணை… ஓமோம்…” என்று ஒரு பதினைந்து நிமிஷம். ஏதோ பெரிய உடன்படிக்கை நடக்கிறதென்று நான் பயந்துபோய் நின்றேன். வைத்தவுடன், “என்ன, எல்லாத்துக்கும் ஓம் போட்டிட்டியள்?” என்று கேட்டேன்.

“எங்க ஓம் போட்டனான்? முடியாதெண்டெல்லோ சொல்லிப்போட்டன்!”

“பதினஞ்சு நிமிஷமா ஓம் ஓம் எண்டு நிண்டியள்!”

“அது கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டதுக்கு. விசரியே நீர்?”

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அன்றைக்கு அந்த அறையில் நான் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தேன். தமிழில் கேள்வி வாக்கியத்தின் வாலில் வருகிறது. நான் உடைத்த துண்டுகளில் கடைசித் துண்டில் மட்டும்தான் ‘ஓ’ இருந்தது: விழுந்தவரோ? விழுந்தவர்தான், அதில் யாருக்குச் சந்தேகம்? ‘தள்ளி’ என்பதில் கேள்வியே இல்லை. அதற்கு அவர் சொன்ன ‘ஓம்’ என் கணவருடைய ‘ஓம்’ ஆக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான்தான் மூன்று ஓமையும் ஒன்றாகப் பிசைந்து ஓர் ‘ஆம்’ பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு காலம் ஓம் சொல்லி வளர்ந்தவளுக்கு இது விளங்காமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அவருடைய சட்டத்தரணியைத் தேடிப்போய்ச் சொன்னேன். அந்த மனுஷி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு தரம் சொல்லச் சொன்னார். இதை நீதிமன்றத்தில் வந்து சொல்வீர்களா என்று கேட்டார். சொல்வேன் என்றேன்.

அதைக் கேள்விப்பட்டு அடுத்த ஞாயிறு கரவெட்டிக்காரர் இரண்டு பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே சொன்னார்.

“அக்கா, உங்களுக்குப் பொய் சொல்லக்கூடாது. நான் தள்ளினது உண்மை. ஆனா அண்டைக்கு அங்க நான் அதைச் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுறதை விளங்கிக்கொண்டிருந்தனான், அவ்வளவுதான்.”

என் மொழிபெயர்ப்புப் பிழை. பிழையான மொழிபெயர்ப்பில் எழுதியிருந்தது உண்மை.

“அக்கா, நான் ஒருக்காப் போய் அவரைப் பாக்கட்டே? அவர் என்ர கூடப்பிறந்தவர் மாதிரி. அவற்ற காலில விழவும் நான் ரெடி. எனக்கு நித்திரை வருதில்லை அக்கா.”

“ஐயோ தம்பி, விசர்க்கதை கதைக்காதேயும்! அந்த றோட்டில கால் வைச்சாலே பிணை போயிடும். பிறகு பிள்ளை வந்தமாதிரித்தான். வழக்கு முடியட்டும்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்னது சட்டப்படி முழுக்கச் சரி.

யூதக்காரியிடம் இதைச் சொன்னபோது அவள் நெற்றியில் கையை வைத்தாள். அவர்களுடைய சட்டத்தில் ஒருவரைக் காயப்படுத்தினால் காயத்துக்கு, நோவுக்கு, வைத்தியத்துக்கு, வேலையில்லாத நாட்களுக்கு, பட்ட வெட்கத்துக்கு என்று ஐந்தையும் ஈடுசெய்ய வேண்டுமாம். இந்தப் பணக் கணக்குக்கு மட்டும் சொந்த வாய்ச்சொல் செல்லுமாம். அந்த ஐந்தையும் செய்து முடித்தாலும் பாவம் போகாதாம். நேரே போய் முகம் பார்த்து மன்னிப்புக் கேட்கும்வரைக்கும் கடவுள்கூட அந்த விஷயத்தில் கை வைக்கமாட்டாராம்.

“உங்கள் நீதிமன்றம் அவனைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது,” என்றாள்.

“அடிபட்டவன் பயந்துபோய் இருப்பான். அடிச்சவனைக் கொண்டுபோய் அவன் வாசலில நிப்பாட்டுறதோ? புருஷனிட்ட அடிவாங்கின பொம்பிளைக்கும் இதையே சொல்லுவியோ?”

“அது நியாயம்,” என்றாள். எங்கள் வாக்குவாதங்களில் நான் வென்ற சிலவற்றில் அது ஒன்று. வென்றதில் ஒரு சந்தோஷமும் இருக்கவில்லை.

வழக்கு எடுக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் மன்னார்க்காரரைப் பூசையில் காண்பேன். கட்டுக் கழற்றிவிட்டார்கள், ஆனால் கை முழுதாகத் திரும்பாது. குருவிடம் நற்கருணை அப்பம் வாங்கும்போது இடது கையை நீட்டுவார். நான் அவரோடு வழக்கைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை, கதைக்கவும் கூடாது.

நீதிமன்றத்தில் அந்த ஒப்புதலைச் சாட்சியமாக எடுப்பதா இல்லையா என்று நீதிபதி முதலில் பார்த்தார். நான் வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு, ஓமின் குணங்களை விளக்கினேன். எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதுபோல இருந்தது. பொலிஸ் தரப்பில் வழக்கை நடத்தியவர் எழும்பினார்.

“அன்றைக்கு நீங்கள் ‘ஆம்’ என்று சொன்னீர்கள். அது சரியான மொழிபெயர்ப்பா?”

“தெரியாது.”

“அன்றைக்குத் தெரிந்ததா?”

“தெரியும் என்று நினைத்தேன்.”

“அப்படியானால் அந்த ‘ஆம்’ யாருடையது?”

“என்னுடையது,” என்றேன்.

நீதிபதி பேனையை எடுத்து எழுதினார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து கரவெட்டிக்காரர் என்னிடம் எதுவும் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதே, கேட்காதே மாதாவே என்று உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டு நின்றேன் என்பதும் உண்மை.

ஒப்புதலை நீதிபதி தள்ளிவிட்டார். அடுத்ததாக மன்னார்க்காரர் சாட்சிக் கூட்டில் ஏறினார். அவருக்கு வேறொருவர் மொழிபெயர்த்தார், தமிழ்நாட்டுக்காரர். என்ன நடந்தது என்று கேட்டார்கள். சத்தம் போட்டது ஞாபகம், படியில் நின்றது ஞாபகம், எப்படி விழுந்தேன் என்று ஞாபகம் இல்லை என்றார். வைத்தியசாலையில் பொலிஸிடம் வேறு மாதிரிச் சொன்னீர்களே என்றதற்கு, நோவில் என்ன சொன்னேனோ தெரியாது என்றார். அயலவர் பார்த்ததெல்லாம் விழுந்து கிடந்ததைத்தான். வழக்கு தள்ளுபடி.

வெளியே கரவெட்டிக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். மன்னார்க்காரர் மறுபக்கக் கதவால் போய்விட்டார். ஏழு மாதத் தடை அந்த நிமிஷம் நீங்கியிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். கரவெட்டிக்காரர் ஓடவில்லை. இன்றைக்கு வேண்டாம், சனங்கள் நிற்கிறார்கள், நாளைக்குப் போவார் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, பூசை முடிந்து நான் காரை எடுக்கப் போகையில், மன்னார்க்காரர் வந்து பக்கத்தில் நின்றார்.

“அக்கா, அவற்ற மனிசியும் பிள்ளையும் வரப்போகினமாம், உண்மையே?”

“ஓம் தம்பி, விசா வந்திட்டுதாம்.”

“நல்லது. அதுக்காகத்தான் நானும் ஞாபகம் இல்லையெண்டு சொன்னனான்.” வலது கையை இடது கையால் தடவிக்கொண்டார். “அவன்ர கை என்ர நெஞ்சில பட்டது எனக்கு மறக்குமே அக்கா? நம்பரைத் துலைச்சது என்ர பிழை. அதுக்கு நான் அவனிட்ட மன்னிப்புக் கேக்கோணும். ஆனா அவன் முதல்ல வரட்டும். ஒருக்கா வந்து, ஓமடாப்பா, தள்ளினனான் எண்டு சொன்னாக் காணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லிவிடுவியளோ?”

சத்தியம் செய்துவிட்டுக் கூட்டில் நின்று பொய் சொன்ன ஒரு மனிதர், நற்கருணை வாங்கிய வாயோடு என் முன்னால் நின்றார். என்னால் அவரைக் குறை நினைக்க முடியவில்லை. சொல்கிறேன் என்றேன்.

அன்றைக்கே மாசிக்குப் போனேன். கரவெட்டிக்காரர் புது வீடு ஒன்று வாடகைக்கு எடுத்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். மகளுடைய அறையாம், இளஞ்சிவப்பு. நான் வாசலில் நின்றபடியே மன்னார்க்காரர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். துண்டு துண்டாக உடைக்கவில்லை. அவர் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ‘ஓம்’கூடச் சொல்லவில்லை.

“இப்ப ஒரு தடையும் இல்லைத் தம்பி. போய் ஒரு வார்த்தை சொல்லும். அவர் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

“என்னத்தைச் சொல்லுறது அக்கா?”

“என்ன நடந்ததோ அதை.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். கோபம் ஒன்றும் இல்லை, குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“நான் தள்ளினதெண்டு ஒருதரும் நிரூபிக்கேல்லையே அக்கா. நீங்கள்தானே சத்தியம் பண்ணிச் சொன்னனீங்கள், அந்த ‘ஓம்’ என்ர இல்லை, உங்கட எண்டு.”

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சுவருக்குப் பூசத் தொடங்கினார்.